சேமநிதிப் பணத்தில் அரை ஏக்கர் வாங்கலாமா?

கேள்வி:

எனக்கு 53 வயது. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தெராஸ் வீட்டில் (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு) இருக்கிறோம். தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பிறந்து வளர்ந்தது பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா, அம்மா இருவருமே பால்வெட்டுத் தொழிலாளர்கள். லயத்துக்குப் பின்னால் அம்மா காய்கறி போட்டிருந்தார். இரண்டு மாடுகள் இருந்தன. தயிர், நெய், ஊறுகாய், வடகம் எதையும் நாங்கள் கடையில் வாங்கியதில்லை. நான் படித்து, வேலை கிடைத்து, கோலாலம்பூர் வந்துவிட்டேன். அம்மா செய்த வேலைகளில் ஒன்றைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அந்த வாழ்க்கைமேல் பெரிய ஏக்கம் வந்திருக்கிறது. கோலக்குபு பாரு பக்கம் அரை ஏக்கர் விவசாய நிலம் விலைக்கு வருகிறது. சேமநிதியில் எடுக்க முடிந்ததை எடுத்து அதை வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஒரு மாடு, நாலு கோழி, காய்கறி என்று அங்கேயே இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது. கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பகாங்கில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டதால் பத்து வயதில் ஒட்டுப்பால், அதாவது உறைந்து ஒட்டிக்கொண்ட ரப்பர் பால், பொறுக்கப் போனவர். "அதிலேர்ந்து வெளிய வரத்தானே இவ்வளவு பாடுபட்டோம்" என்கிறார்.

வீட்டிலேயே முயற்சி செய்து பார்த்தேன். கறிவேப்பிலைக் கன்று இரண்டு முறை செத்துப்போனது. வடகம் பூசணம் பிடித்தது. பாலாடை சேர்த்து வெண்ணெய் எடுக்கலாம் என்றால் ஆடையே சரியாக வரவில்லை. அம்மாவுக்கு 78 வயது, எங்களோடுதான் இருக்கிறார். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் கைவருமா? என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நிலத்தை இப்போது வாங்காதீர்கள். வேலையையும் விடாதீர்கள். ஆனால் கற்றுக்கொள்வதை மட்டும் இந்த வாரமே தொடங்குங்கள், ஏனென்றால் உங்களுக்குச் சொல்லித்தரக்கூடியவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார், அவருக்கு 78 வயது. நிலம் அடுத்த வருடமும் கிடைக்கும்.

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் ஆலோசனை சொல்வது என் தொழில். ஐம்பது வயதுக்கு மேல் மண்ணுக்குத் திரும்ப வருகிறவர்கள் என்னிடம் நிறைய பேர் வருகிறார்கள். அவர்களில் பலர் முதலில் நிலம் வாங்கிவிட்டு, பிறகுதான் விவசாயம் கேட்க வருகிறார்கள். அதனால் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரை ஏக்கர் என்றால் ஏறக்குறைய 0.2 ஹெக்டார். நம் தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டும் 0.4 ஹெக்டாருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் குறையக்கூடாது. அப்படியானால் உங்களுக்குச் சொல்லப்பட்ட அரை ஏக்கருக்குத் தனி கிராண்ட், அதாவது நிலப் பட்டா, இருக்க வாய்ப்பு குறைவு. பெரிய நிலம் ஒன்றில் பலரும் பங்குதாரர்களாகச் சேரும் ஏற்பாடாகத்தான் அது இருக்கும். 'இந்த மூலை உங்களுடையது' என்று வேலி போட்டுக் காட்டுவார்கள். கிராண்டில் மூலையெல்லாம் இருக்காது, பங்கு மட்டும்தான் இருக்கும். நாளைக்கு ஒரு பங்குதாரர் கடன்பட்டாலோ, தகராறு செய்தாலோ, விற்க நினைத்தாலோ எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். அப்புறம், சிலாங்கூரில் மலாய் ஒதுக்கீட்டு நிலங்கள் நிறைய உண்டு. அவற்றை நாம் வாங்க முடியாது. விவசாய நிலத்தில் நினைத்தபடி வீடு கட்டிக் குடியேறவும் முடியாது, ஊராட்சி மன்ற அனுமதி வேண்டும். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அதிகாரப்பூர்வமான தேடல் செய்தால் பெயர், பரப்பு, நிலத்தின் வகை, கட்டுப்பாடுகள் எல்லாம் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் முன்பணமாக நூறு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

பணத்தின் பக்கமும் ஒன்று இருக்கிறது. 53 வயதில் உங்களால் எடுக்க முடிவது சேமநிதியின் செஜாத்ரா, ஃபிளெக்சிபல் கணக்குகளில் இருப்பதைத்தான். 55 ஆனதும் மொத்தமும் உங்கள் கைக்கு வரும். இன்னும் இரண்டு வருடம். 2024-க்குச் சேமநிதி வாரியம் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. வருடத்துக்கு வருடம் அது மாறும் என்றாலும், பங்குக் கிராண்ட் நிலம் அந்தப் பணத்துக்கு நல்ல இடம் இல்லை.

சரி, நிலத்தை விடுவோம். உங்கள் ஏக்கம் எதன்மேல் என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

உங்கள் அம்மாவுக்குச் சொந்த நிலம் ஒரு அடிகூட இருந்ததில்லை. லயத்துக்குப் பின்னால் இருந்தது தோட்டத்து மண். காலை இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மதியத்துக்குள் பாலை எடுத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்தால், பிற்பகல் அவருடையது. புல் அறுக்கப் பிள்ளைகள் இருந்தார்கள். மாட்டுச் சாணம் வாசலிலேயே கிடைத்தது. ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். 1974-இல் அப்போதைய பிரதமர் துன் அப்துல் ரசாக் தொடங்கிய பச்சைப் புத்தகத் திட்டத்தை உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கிடைத்த இடத்திலெல்லாம் உணவுப் பயிர் போடுங்கள் என்று அரசாங்கமே சொன்ன காலம் அது. அதற்கு முப்பது வருடம் முன்னால், ஜப்பான்காரன் காலத்தில், மரவள்ளிக்கிழங்கை வைத்து உயிர் பிழைத்த தலைமுறையிடம்தான் அவர் இதையெல்லாம் கற்றிருப்பார். ஆக, அந்த வாழ்க்கையைத் தாங்கி நின்றது தினமும் ஒரே நேரத்தில் செய்யும் வேலையும், பங்கு போட்டுக்கொள்ள ஆட்களும். கோலக்குபு பாருவில் நீங்கள் தனியாகப் போய் உட்கார்ந்தால் இந்த இரண்டுமே அங்கே இருக்காது. செந்தூல் வீட்டில் இரண்டையும் கொஞ்சமாவது உண்டாக்கிக்கொள்ள முடியும்.

ஒரு மாடு என்று எழுதியிருந்தீர்கள். தோட்டங்களில் நம்மவர்கள் வளர்த்த சின்ன நாட்டு மாடுகளின் வழிவந்த இனத்தைக் கால்நடைத் துறையினர் இன்றும் எல்.ஐ.டி., லோக்கல் இந்தியன் டெய்ரி என்றுதான் சொல்கிறார்கள். நம் சனங்களின் உழைப்புக்கு ஒரு நாட்டின் மாட்டினப் பட்டியலில் இடம் கிடைத்திருக்கிறது. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அந்தச் சின்ன மாட்டுக்கே நாளைக்கு இருபதிலிருந்து முப்பது கிலோ பச்சைப் புல் வேண்டும். பால் கறக்கும் நாட்களில் காலையும் மாலையும் கறக்க வேண்டும், தீபாவளி அன்றும், உங்களுக்குக் காய்ச்சல் அடிக்கும் அன்றும். முழங்கால் வலிக்கத் தொடங்கும் வயதில், உடனிருக்க ஆள் இல்லாமல், முதல் தடவையாக மாடு வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தெராஸ் வீட்டில் கோழியும் வேண்டாம்; மன்றத்தின் அனுமதி ஒரு பக்கம், ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிற அண்டை வீட்டார் இன்னொரு பக்கம்.

இப்போது உங்கள் அம்மாவிடம் வருவோம். அவரிடம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து 'அம்மா, மாங்காய் ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு?' என்று கேட்டால், 'ஒரு கை போடு' என்பார். அவர் மறைக்கவில்லை. அவருக்கு அது கையில்தான் இருக்கிறது, வாயில் இல்லை. அதனால் கேட்காதீர்கள், செய்யச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். சமையலறைத் தராசு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அவர் உப்பை அள்ளினதும் பாத்திரத்தில் போடும் முன்னால் தராசுத் தட்டில் போடச் சொல்லி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூள், கடுகு, வெந்தயம், எண்ணெய் எல்லாவற்றுக்கும் அப்படியே. அவருடைய ஒரு கைப்பிடி எத்தனை கிராம் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. அவரால் நிற்க முடியாவிட்டால் நாற்காலி போடுங்கள். நீங்கள் செய்யுங்கள், அவர் திட்டட்டும். திட்டும்போதுதான் பெரியவர்கள் சொல்ல மறந்த நுணுக்கமெல்லாம் வெளியே வரும்.

இன்னொன்றும் அவரிடம் கேளுங்கள்: இதில் எதை விருப்பத்தோடு செய்தார், எதை வேறு வழியில்லாமல் செய்தார் என்று. இரண்டாவது வகையை நீங்கள் எடுத்துச் சுமக்க வேண்டியதில்லை. அப்பளம் இடுவது அந்த வகை என்று நான் நினைக்கிறேன். பல கைகள் சேர்ந்தால்தான் அது நடக்கும், கடை அப்பளமே போதும். மாதக் கடைசியில் கணக்கு முடித்துவிட்டு வந்து இரவு பதினோரு மணிக்கு உளுந்து மாவு இடிப்பதில் எந்த நிம்மதியும் இல்லை.

தயிரிலிருந்து தொடங்குங்கள். தினமும் செய்ய வேண்டியது என்பதால் சொல்கிறேன். கையில் ஒரு பழக்கம் வந்து உட்கார இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. பாலைப் பொங்கக் காய்ச்சி, விரலை விட்டால் சூடு தெரியும், ஆனால் பொறுக்கும் என்ற அளவுக்கு, ஏறக்குறைய 40 டிகிரிக்கு ஆறவிட்டு, உறை ஊற்றி மூடி வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும். இரவு உறை ஊற்றிவிட்டுக் காலைவரை வெளியே வைத்தால் புளித்துப்போகும்; மாலை வேலை முடிந்து வந்ததும் ஊற்றி, படுக்கும் முன் குளிர்பெட்டியில் வையுங்கள்.

ஆடை வரவில்லை என்றீர்கள். நீங்கள் பெட்டிப் பால் வாங்கியிருப்பீர்கள். ஆலையில் அந்தப் பாலின் கொழுப்பை மிக நுண்ணிய துளிகளாக உடைத்துவிடுகிறார்கள். அது மேலே மிதந்து கனமான ஆடையாகச் சேராது. உங்கள் கையில் குறை எதுவும் இல்லை, அந்தப் பாலில் அது வராது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் மாடு வைத்துப் பால் ஊற்றுகிற நம்மவர்கள் இருக்கிறார்கள்; கோவிலிலோ காய்கறிக் கடையிலோ விசாரித்தால் வழி காட்டுவார்கள். அந்தப் பாலை வாங்கினதும் கட்டாயம் பொங்கக் காய்ச்சுங்கள். பச்சைப் பால் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காசநோயும், மாட்டிலிருந்து தொற்றும் புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சலும் அதன் வழியாக வரும். பால் கிடைக்கவில்லை என்றால் உப்பில்லாத வெண்ணெய் வாங்கி உருக்குங்கள். ஒரு கிலோ வெண்ணெயில் 800 கிராம் நெய் இறங்கும். அடியில் கசடு பொன்னிறமாகி, சடசடப்பு அடங்கும் நேரம் எது என்று அம்மா வாசனையிலேயே சொல்வார். நெய்யில் கற்க வேண்டியது அந்த ஒரு நிமிடத்தைத்தான்.

வடகம் கெட்டதற்கு வெயில் காரணம். தோட்டத்தில் உங்கள் அம்மாவுக்குத் திறந்த வெளி இருந்தது, மழை கறுத்தால் ஓடிப்போய் எடுக்க ஆள் இருந்தது. கோலாலம்பூரில் காலை பளிச்சென்று அடிக்கும், பிற்பகலில் இடி இடித்துக் கொட்டும். காற்றிலும் ஈரம் அதிகம். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் வடகம் போடுவது வீண் வேலை. ஜூன், ஜூலை பாருங்கள். புகைமூட்டம் இல்லாத வருடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மெல்லியதாக ஊற்றுங்கள் அல்லது பிழியுங்கள், காலை ஒன்பதுக்குள் வெயிலில் வையுங்கள், பிற்பகல் ஒரு மணிக்கே எடுத்துவிடுங்கள், மிச்ச ஈரத்தை அடுப்புப் பெட்டியில் 60 டிகிரியில் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துப் போக்குங்கள். முதல் நாளிலேயே மேல்பக்கம் காய்ந்துவிட வேண்டும். ஈரத்தோடு இரவு முழுக்க மூடி வைத்த வடகம்தான் பூசணம் பிடிக்கும். மோர் மிளகாய்க்கும் இதே முறைதான்: பகலில் காயவைத்து, இரவில் திரும்ப உப்புத் தயிரில் போடும்போது பாத்திரத்தைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

ஊறுகாயில் பயப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. எலுமிச்சை, மாங்காய் போன்ற புளிப்பான ஊறுகாய்கள் உப்பு சரியாக இருந்தால் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளும். பூண்டு அப்படி இல்லை. புளிப்பில்லாத பூண்டை எண்ணெயில் மூழ்க வைத்து வெளியே வைத்தால், காற்றில்லாத அந்த இடத்தில் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர முடியும். மணத்திலோ நிறத்திலோ அது தெரியாது. பூண்டு ஊறுகாய்க்குப் புளியோ எலுமிச்சைச் சாறோ காடியோ தாராளமாகச் சேர்த்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். அம்மா வெளியே வைத்து ஒன்றும் ஆகவில்லை என்பார். அவரோடு வாதாட வேண்டாம், ஜாடியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

இனிச் செடிகள். தெராஸ் வீட்டில் உங்களுக்கு இருப்பது போர்ச்சின் விளிம்பும் வேலி ஓரமும்தான். ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒரு முறை வெளியே வந்து எங்கே வெயில் விழுகிறது என்று பாருங்கள். ஆறு மணி நேரம் விழும் இடத்தில் வெண்டை, மிளகாய், கத்தரி. மூன்று, நாலு மணி நேரம் என்றால் கீரை, பாண்டான். அதற்கும் குறைவென்றால் அங்கே செருப்பு வைக்கலாம், செடி வேண்டாம். வேலிக்கு வெளியே சாக்கடை ஓரம் எல்லாரும் நடுகிறார்கள். அது மன்றத்தின் இடம், என்றைக்கு வேண்டுமானாலும் வந்து வெட்டிவிட்டுப் போவார்கள் என்று தெரிந்தே நடுங்கள்.

வீட்டு வளாகத்து மண்ணை நம்பாதீர்கள். தாமான் (குடியிருப்பு) கட்டும்போது கொட்டி நிரப்பிய செம்மண், புளிப்பும் கெட்டியுமாக இருக்கும். நர்சரிகளில் சொல்லும் 3:2:1 கலவையே போதும்: மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல். ஒரு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்பு சேர்த்து ஒரு வாரம் ஆறப்போடுங்கள். வாங்குவதற்குச் சுங்கை பூலோவுக்குப் போங்கள். அங்கே வரிசையாக இருக்கும் நர்சரிகள் 1930-இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பைச் சேர்ந்த நிலத்தில் வளர்ந்தவை. உலகம் ஒதுக்கிவைத்த நோயாளிகள் அங்கே செடி வளர்த்து விற்றுச் சொந்தக் காலில் நின்றார்கள். விரல்களை இழந்தவர்கள்கூடக் கன்று நட்டார்கள். 53 வயதில் கைவருமா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே ஒரு முறை நடந்துவிட்டு வாருங்கள்.

முதலில் காங்கோங் கீரை, தண்டுக்கீரை. விதைத்து நாலு வாரத்தில் பறிக்கலாம். வெண்டை ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் காய்க்கும். மஞ்சளை மே, ஜூன் வாக்கில் அகலமான தொட்டியில் நட்டால் தைப் பொங்கலுக்கு இலையும் கிழங்குமாகச் சொந்தச் செடியையே பானையில் கட்டலாம். உங்கள் அம்மாவுக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முருங்கை வேண்டாம், தெராஸ் வீட்டுக்கு அது பெரிது, காற்றில் கிளை முறியும்.

கறிவேப்பிலை இரண்டு முறை போனதற்குத் தண்ணீர்தான் காரணமாக இருக்க வேண்டும். பாசத்தில் தினமும் ஊற்றியிருப்பீர்கள், வேர் அழுகியிருக்கும். விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பாருங்கள், உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். நல்ல வெயில், அடியில் பெரிய ஓட்டைகள், தட்டு வைக்காத தொட்டி. முதல் வருடம் இலை பறிக்க ஆசைப்படாதீர்கள். நுனியை மட்டும் கிள்ளினால் கிளை வைக்கும், பூ வந்தால் எடுத்துவிடுங்கள். எலுமிச்சை குடும்பத்துச் செடி என்பதால் எலுமிச்சையை மொய்க்கும் வண்ணத்துப்பூச்சி இதிலும் முட்டையிடும். புழுவைக் கையால் எடுத்துப் போட்டால் போதும், மருந்து அடிக்காதீர்கள், சாப்பிடுகிற இலை.

தட்டு வேண்டாம் என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் டிங்கி. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக வெளியேற ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, தேய்த்துக் கழுவ வேண்டும். சுகாதார அதிகாரிகள் வந்து புழுவைக் கண்டால் 500 ரிங்கிட் வரை அபராதம் போடலாம். மழைநீர் பிடிக்கிற தொட்டிக்கு வலை கட்டுங்கள். காய்ந்த இலையைக் கொளுத்தாதீர்கள், திறந்தவெளியில் எரிப்பது குற்றம். அதையே காய்கறித் தோலோடு கலந்து மக்க வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்களுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருந்தால் வெறுங்கையோடு, வெறுங்காலோடு மண்ணைத் தொடாதீர்கள். நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறது. சிறு வெட்டுக்காயம் வழியாகவும் உள்ளே போகும், நீரிழிவு உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்கும், உயிரையே எடுத்துவிடும். எலிக் காய்ச்சலும் இதேபோல் ஈர மண்ணிலிருந்து வரலாம். ரப்பர் கையுறை, பூட்ஸ், காயத்துக்குக் கட்டு. மழைக்குப் பிறகு தொடர்ந்து காய்ச்சல் அடித்தால் மருத்துவரிடம் தோட்ட வேலை செய்வதைச் சொல்லுங்கள். உங்கள் அம்மா வெறுங்காலோடு நடந்தவர்தான். அவர் காலத்தில் நம்மவர்களுக்குச் சர்க்கரை இந்த அளவுக்கு இருந்ததில்லை.

கடைசியாக உங்கள் கணவர். உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் தொட்ட வரி அவருடையதுதான். பத்து வயதில் ஒட்டுப்பால் பொறுக்கப் போன பிள்ளைக்குத் தோட்டம் என்றால் கூலியும் பசியும் இழந்துபோன பள்ளிக்கூடமும். உங்களுக்கு அம்மாவின் தயிர் நினைவு வரும் இடத்தில் அவருக்கு வேறென்னவோ நினைவு வருகிறது. இரண்டும் உண்மை. அவரை மாற்றப் பார்க்காதீர்கள், 'அந்தக் காலம் எவ்வளவு நல்லா இருந்துச்சு' என்று அவர் முன்னால் சொல்லவும் வேண்டாம். வேலையை விட்டு, சேமநிதியை எடுத்து என்று நீங்கள் தொடங்கியதும் அவருக்கு எழுந்தது பழைய பயம். 'நிலம் இல்லை, வேலையும் விடப்போவதில்லை, போர்ச்சில் நாலு தொட்டி' என்று சொல்லிப் பாருங்கள். முழங்கால் மடக்காமல் வேலை செய்ய இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்பு அடுக்கு வேண்டும் என்று கேளுங்கள். தொட்டிகளைத் தாங்கும்படி அடித்துத் தர அவர் உதவலாம். அவருக்குப் பிடித்த காய் எது என்று கேட்டு அதை ஒரு தொட்டியில் போடுங்கள். ஒன்றும் பிடிக்காது என்றால் விட்டுவிடுங்கள்.

பணம் மிச்சமாகும் என்று அவரிடம் சொல்லி வாதாடாதீர்கள். மண், உரம், தொட்டி எல்லாம் சேர்த்தால் முதல் வருடம் கீரை பாசாரில் வாங்குவதைவிட அதிகம்தான் ஆகும். கறிவேப்பிலையும் நெய்யும் மட்டும் சீக்கிரம் கணக்கைச் சரிக்கட்டும்.

55 வயது ஆகும்போது தயிரும் ஊறுகாயும் கீரையும் உங்கள் கையில் நின்றுவிட்டால், நிலத்தைப் பற்றி அப்போது பேசலாம். அப்போதும் முதலில் வாடகைக்கு எடுங்கள், செந்தூலிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடியதாக. வாரக்கடைசியில் மட்டும் போகும் நிலத்தை நம் ஊர் மழையில் புல் மூடிவிடும், காட்டு ஓரமாக இருந்தால் மீதியைக் குரங்கும் காட்டுப்பன்றியும் பார்த்துக்கொள்ளும். அரசாங்கத்தின் தற்காலிக உரிமம் உள்ள நிலத்தை யாராவது மறு வாடகைக்குக் கொடுத்தால் கவனமாக இருங்கள். அந்த உரிமம் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-ஆம் தேதி முடிகிறது, அடுத்தவருக்குக் கைமாற்ற முடியாது. வாங்கத்தான் வேண்டும் என்று முடிவானால் ஒரே நிலத்தை ஜூலையில் ஒரு முறையும் நவம்பரில் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். ஜூலையில் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, நவம்பரில் நிலத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று இரண்டையும் உங்கள் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள்.